காது பேசக் கூடாது

ஒன்பது வருடமாக ஒன்றும் கேட்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையின் பெயர் சோதனைப் பொறியாளர். ஆனால் கம்பெனியில் வாசல் காவலர் முதல் முதலாளி வரை என்னைக் கூப்பிடுவது 'காது' என்று. கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூரியர்காரர் என் சொந்தப் பெயரைச் சொன்னால் வரவேற்பில் இருக்கும் பெண் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு சாமான். ஓர் அறையில் பேசுவதைக் கம்பி இல்லாமல் இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் பெட்டி. நடுவில் எவனும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. பெட்டியின் முகத்தில் பதினாறு ஆன்டெனா இருப்பதால் அதற்குப் பெயரும் 'பதினாறு'. அதை உருவாக்கியவள் என் அக்கா. நான் ஒரு தள்ளுவண்டியில் கருவிகளை வைத்து உருட்டிக்கொண்டு போய், அதை ஒட்டுக்கேட்க முயல வேண்டும், தோற்க வேண்டும், தோற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தோற்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்று நினைத்துத்தான் அக்கா இந்த வேலையை வாங்கித் தந்தாளோ என்னவோ.

இப்படி நான் போட்ட நானூறு சொச்சம் கையெழுத்துகள் சேர்ந்துதான், முகம் தெரியாத ஒரு டைப்பிஸ்ட்டின் வேலைக்கு உலை வைத்தன. அந்தக் கையெழுத்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

பெட்டி வேலை செய்யும் விதம் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. கேட்க வேண்டியவரிடம் ஒரு ரிசீவர் இருக்கும். அது முதலில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் சுவரில் மோதி, மேஜையில் மோதிப் பதினாறு ஆன்டெனாவுக்கும் பதினாறு விதமாக வந்து சேரும். அதை வைத்து ரிசீவர் இருக்கும் இடத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று பெட்டி கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு பேச்சை அந்த இடத்தில் மட்டும் ஒன்று சேரும்படி அனுப்பும். கூடவே வேண்டுமென்றே ஒரு இரைச்சலையும் நாலாபக்கமும் வாரி இறைக்கும். அந்த இரைச்சல் ரிசீவர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கோ சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம்தான் மிஞ்சும். அந்த ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவன் நான்.

இதற்கு மேல் பூட்டு சாவி எதுவும் கிடையாது. "பூட்டுன்னு ஒண்ணு இருந்தா உடைக்க ஒருத்தன் வருவான். வராத சத்தத்தை எவன் உடைப்பான்?" என்பாள் அக்கா. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவள் முகம் தோற்றுவிடும்.

சோதனைக்கென்று நீலப் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறை ஒன்று உண்டு. அதில் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அனுமதி இல்லை. காகிதமும் பென்சிலும்தான். பேனா கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். வண்டியை நகர்த்தி நகர்த்தித் திரும்பச் செய்யும் சோதனை, அடித்துத் திருத்தினால் பதிவேடு அசிங்கமாகிவிடும் என்பாள். அவள் அந்தப் பக்கம் மைக்கில் எதையாவது படிப்பாள். பெரும்பாலும் கையில் கிடைப்பது லேபின் மூலையில் கிடந்த துணி துவைக்கும் எந்திரத்தின் கையேடு. ஒன்பது வருடம் அவள் அதைப் படித்தாள். ஒரு வரிகூட என் காதில் விழுந்ததில்லை. கேட்டதை அப்படியே எழுத வேண்டும், கேட்காத சொல்லுக்கு ஒரு கோடு போட வேண்டும். என் பதிவேடு முழுக்கக் கோடுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு தோற்றுப்போகும்.

போன வருடம் என் வண்டியில் ஹெட்போனுக்கான ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனது. புதிதாகக் கேட்டு எழுதினால் மூன்று மாதம் இழுப்பார்கள். கழித்துப்போட்ட பழைய ரிசீவர் ஒன்றை எடுத்து, அதன் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயரை மட்டும் பயன்படுத்தலாம் என்று வண்டியில் பொருத்தினேன். ரிசீவருக்குக் கரண்ட் கொடுத்தால் அது தன்பாட்டுக்கு 'நான் இங்கே' என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிடும் என்பதை மறந்துவிட்டேன். பத்து வருடமாக எல்லா ரிசீவரும் கொடுப்பது ஒரே குரல். வேறு வேறாக வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹெட்போனை மாட்டினேன். "வெள்ளைத் துணிகளையும் வண்ணத் துணிகளையும் பிரித்துப் போடவும்" என்றாள் அக்கா.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். "பாக்கெட்டுகளில் நாணயங்கள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவும்" வரை முத்து முத்தாக எழுதினேன். அப்புறம்தான் நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

விஷயம் இதுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கொடுத்தால் பெட்டி அவர்களை ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. இருவருக்கும் பேச்சை அனுப்புகிறது, இருவருக்கும் இரைச்சலைக் குறைத்துவிடுகிறது. வாசலில் 'நான்தான்' என்று சொன்னவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரனைப் போல.

பக்கத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு ஓடினேன். அவள் ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

"வண்டில என்னடா மாட்டியிருந்த?"

"பழைய ரிசீவர். அது குரல் கொடுத்திருக்கு. அதான் கேட்டிருக்கு."

"அப்ப நீ பேசியிருக்க."

"நான் பேசலக்கா. மெஷின் பேசிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்." சோதனை விதிகளின் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நான்காம் விதி: ஒட்டுக்கேட்பவர் அமைதியாக இருப்பார் என்று கொள்ளப்படுகிறது. "காது கேக்கத்தான் செய்யும். பேசாது. பேசினா அது சோதனையே இல்ல."

"திருடன் வந்து உன் விதியைப் படிச்சிட்டா உட்காருவான்?"

"எல்லா ஊர்லயும் எல்லாரும் இப்படித்தான் வெச்சுப் பாக்கறாங்க. அவங்க எல்லாம் முட்டாள், நீ ஒருத்தன் மேதாவியா?" என்றாள். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் பதினாறு வெளிய போகுது. இப்ப போய் இதைக் கிளப்பாதடா. அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்."

அவள் மேஜையிலேயே ரப்பர் இருந்தது. அழித்தாள். ஊதினாள். கோடு போட்டுக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். யாரைக் குறை சொல்ல? என் கையை யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா வழக்கம்போல, "அக்கா பேச்சத் தட்டாதடா, அவதான் உன்ன ஆளாக்கினவ" என்றாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

பதினாறு பல இடங்களுக்குப் போனது. அதில் ஒன்று பெண்கள் ஆலோசனை மையம். வீட்டை விட்டு வெளியேறிவந்த பெண்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் என்பதால் அதிகாரி வேறு அறையில் இருந்து கேட்பார். பழைய கட்டிடம், சுவரில் ஓட்டை போடக் கூடாது, அதனால் கம்பி இழுக்க முடியாது. எங்கள் பெட்டிக்கென்றே கட்டிய இடம் மாதிரி இருக்கிறது என்று அக்காவே சொன்னாள்.

அங்கே ஒரு பெண், கணவனுக்குப் பயந்து குழந்தையோடு தங்கியிருக்கும் இடத்தின் விலாசத்தைச் சொன்னாள். மூன்றாம் நாள் அவன் அந்த விலாசத்தின் கேட்டில் நின்றான். காலையிலிருந்து மதியம் வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றானாம். அடிக்கவில்லை, உதைக்கவில்லை, கூப்பிட்டான், அவ்வளவுதான். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு ஒரு வாரம் வாய் திறக்கவில்லை என்றார்கள்.

விலாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கேட்ட அதிகாரி, டைப் அடித்த டைப்பிஸ்ட். அதிகாரி பெரிய இடம். மிச்சம் யார்? இருந்தாலும் முறைக்காக எங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார்கள், பெட்டியிலிருந்து வெளியே கேட்டிருக்க வாய்ப்பு உண்டா என்று. அக்கா 'சாத்தியமே இல்லை' என்று ஒரு வரியில் பதில் எழுதினாள். ஆதாரமாக என் பதிவேட்டின் நகலை இணைத்தாள். ஒன்பது வருடம், நானூறு பக்கம், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. டைப்பிஸ்ட்டை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்த டைப்பிஸ்ட்டே எங்கள் கம்பெனி வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "போய் ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லி அனுப்பு" என்று, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அக்கா என்னைத்தான் அனுப்பினாள்.

"நான் ஒண்ணும் பெருசா கேக்க வரல சார்," என்றாள். "உங்க பெட்டில பேசறது வெளிய கேக்குமா, கேக்காதா? அத மட்டும் சொல்லுங்க. இருபத்திரெண்டு வருஷம் டைப் அடிச்சிருக்கேன். எம் புருஷன்கிட்டகூட ஒரு பேர் சொன்னதில்ல. இப்ப அவரே என்னை ஒரு மாதிரி பாக்கறாரு."

நல்லபடியாகச் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை விட்டுவிட்டேன். "கேக்கும்" என்றேன்.

அவள் பையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "தெய்வம் மாதிரி சொன்னீங்க" என்றாள். தெய்வத்துக்கு உள்ளே எப்படி எரிந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மையத்தில் இதை விசாரிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள்; அன்றே அந்த விசாரணைக் குழுவுக்கு எழுதினேன், இந்த முறை பேனாவில். பெட்டியிலிருந்து கேட்கும், போன வருடமே கண்டுபிடித்தேன், அக்காவிடம் சொன்னேன், அவள் அழித்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். கழித்துப்போட்ட ரிசீவர்களைப் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் விற்கிறார்கள் என்பதையும் எழுதினேன். எவனாவது ஒருவன் அதில் ஒன்றை வாங்கி, மையத்துக்கு எதிரே காரில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டால் போதும்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எங்கள் இருவரையும் மையத்துக்கு வரச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடியும்னு சொல்றவன் செஞ்சு காட்டட்டும் ஐயா" என்றாள் அவரிடம்.

"நல்லதாப் போச்சு" என்றார் நீதிபதி. "நாங்க உள்ள உட்கார்ந்து எங்க விசாரணையப் பண்ணிட்டிருக்கோம். பேசறது பெட்டி வழியா அடுத்த ரூமுக்குப் போகட்டும், எங்க குமாஸ்தா அங்க குறிச்சுக்குவாரு. நீங்க நடையில உட்கார்ந்து கேட்டத எழுதுங்க. கால் மணி நேரம். ரெண்டையும் வெச்சுப் பாத்துடலாம்."

அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். அது ஏன் என்று சற்று நேரத்தில் எனக்குப் புரிந்தது.

நடையில் வண்டியை நிறுத்திப் பழைய ரிசீவரின் சுவிட்சைப் போட்டேன். எண்ணெய்ச் சட்டி. வண்டியைத் திருப்பினேன். எண்ணெய்ச் சட்டி. நாலு நிமிடம் போய்விட்டது. முந்தின நாளே பெட்டி எதிர்பார்க்கும் குரலை அக்கா மாற்றிவிட்டிருக்கிறாள்! இனி என் பழைய ரிசீவர் என்ன கத்தினாலும் பெட்டி திரும்பிப் பார்க்காது. ஓட்டை இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டையை அடைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்பது வருடம் கேட்காததைக் கேட்க முயன்றவன் நான். புதுக் குரலையும் அடுத்த அறையில் இருக்கும் ரிசீவர் வெளியே சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒரு நொடிக்குள் நூறு முறை சொல்லும். வண்டியில் இருந்த கருவியில் அதைப் பிடித்தேன். என் ரிசீவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க மூன்று நிமிடம் ஆனது. எட்டாவது நிமிடம் எண்ணெய்ச் சத்தம் அடங்கி நீதிபதி இருமுவது கேட்டது.

"உங்க தம்பி போன வருஷமே உங்ககிட்ட சொன்னதா எழுதியிருக்காரு."

"இல்ல ஐயா. எங்கிட்ட அப்படி எதுவும் சொல்லல."

என் பென்சில் அப்படியே நின்றது. பென்சில்தான் கொண்டுபோயிருந்தேன், பழக்க தோஷம்.

"அப்ப ஏன் இப்படி எழுதணும்?"

"சின்ன வயசிலேர்ந்தே அவன் அப்படித்தான். யாராவது தன்னைத் திரும்பிப் பாக்கணும்னா எதையாவது கிளப்பி விடுவான். எதுலயும் உருப்படல. அம்மா அழுதாங்களேன்னுதான் நான் வேலை போட்டுக் கொடுத்தேன். ஒண்ணும் தெரியாதவன்கூட செய்யக்கூடிய வேலையாப் பாத்துக் கொடுத்தேன்."

நான் சொல்லவில்லை என்றது பொய். ஆனால் இதை அவள் நடிக்கவில்லை. தன் பெட்டியின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. குரலை மாற்றியாகிவிட்டது, நடையில் இருப்பவனுக்குக் கேட்காது என்று நம்பி மனசில் இருந்ததைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பாடு போடும்போது, பதிவேட்டில் ரப்பரைத் தேய்க்கும்போது, என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். நாற்பது வருடம் கூடவே இருந்தும் எனக்கு இது கேட்டதில்லை.

"சரி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். வெளியிலேர்ந்து கேக்க முடியும்னா அது யாரால முடியும்?"

"யாராலும் முடியாது ஐயா. அப்படியே முடியும்னா அவன் ஒருத்தனாலதான் முடியும்."

பென்சிலைக் கீழே வைத்தேன். பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை பஞ்சு அறையில் போய் உட்காரலாம். அக்காவின் மானம் தப்பும். எனக்கும் பைத்தியக்காரன் என்ற பெயரோடு போய்விடும். டைப்பிஸ்ட் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பாள், புருஷன் ஒரு மாதிரி பார்க்க.

எதிரே போன பியூனைக் கூப்பிட்டுப் பேனாவை இரவல் வாங்கினேன். அக்கா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். எதற்கும் கோடு போட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு தெளிவு. 'அவன் ஒருத்தனாலதான் முடியும்' என்பதையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே சரியாகச் செய்த சோதனை அது ஒன்றுதான்.

நீதிபதி என் தாளையும் குமாஸ்தாவின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். குமாஸ்தா இரண்டு இடத்தில் சொல் விட்டிருந்தார், நான் விடவில்லை. தாளை அக்காவிடம் நீட்டினார். அவள் பாதி வரை படித்தாள். பிறகு தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே வந்ததும், "இதெல்லாம் எழுதித்தான் ஆகணுமாடா?" என்றாள்.

"கேட்டத எழுதணும்னு நீதான சொல்லிக் கொடுத்த?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. இல்லவே இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பெட்டியிலிருந்து வெளியே கேட்கும் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. டைப்பிஸ்ட் மீது குற்றம் இல்லை, உடனே வேலையில் சேரலாம். அப்படி ஒட்டுக்கேட்கும் வழி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்பது பெட்டியை உருவாக்கியவரின் வாக்குமூலத்திலிருந்தும், அந்த நபர் தன் கைப்பட எழுதியதிலிருந்தும் தெரியவருகிறது. அவர் மீது தனி விசாரணை. அது முடியும்வரை அவர் கம்பெனிக்குள் நுழையக் கூடாது. அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அவள் இப்போது அடுத்த மாடல் செய்துகொண்டிருக்கிறாள். நான்காம் விதியை எடுத்துவிட்டாளாம், அம்மா சொன்னாள். பழைய சாமான் கடைகளைப் பற்றி நான் மறுபடி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. காரில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டவனை யாரும் தேடவும் இல்லை.

முதல் விசாரணைக்கு மையத்துக்குப் போனேன். படியேறும்போது எதிரே டைப்பிஸ்ட் இறங்கி வந்தாள். எனக்கு மனசு லேசானது. சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு 'கேக்கும்'னு சொன்னீங்களே," என்றாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் அப்பவே கேட்டிருக்கணும். தெய்வம் மாதிரின்னு வேற சொல்லிட்டேன். அந்தக் குழந்தைய நினைச்சுப் பாத்தீங்களா சார்?"

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. எடுத்து, "ஆமாம், சொல்லும்மா, நீ எங்க இருக்க" என்றவள், என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். போனை மார்போடு பொத்திப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

நான் மீதிப் படிகளை ஏறி, நடையின் கடைசி வரை நடந்து, கதவைத் திறந்து உள்ளே போகும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.